தரவும் ஒரு சுவடிதான்

வரலாறு, இலக்கியம், தொல்லியல், நூலகவியல் மாணவர்களுக்குத் தரவறிவைக் கற்பிப்பது எப்படி?

தரவைப் படிக்கவும், உருவாக்கவும், சரிபார்க்கவும், அதை வைத்து வாதிடவும், பிறர் பயன்படுத்தும்படி விட்டுச்செல்லவும் தெரிந்திருப்பதே தரவறிவு. புள்ளியியல் அதில் ஒரு பகுதி. கணினி அதற்கு ஒரு கருவி. நெடுங்காலம் இது அறிவியல், பொருளியல் மாணவர்களுக்கு மட்டும் உரியதாக எண்ணப்பட்டது. இன்றோ கல்வெட்டு மைப்படிகள், ஓலைச்சுவடிகள், அருங்காட்சியகப் பதிவேடுகள், பழைய இதழ்கள் எல்லாம் கணினிக் கோப்புகளாக மாறிவருகின்றன. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005-ல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவை ஆய்வு மாணவர் முதலில் தேடிப்போகும் இடங்களாகிவிட்டன. அங்கே ஒரு சொல்லைத் தேடி, எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதிலிருந்து ஒரு முடிவைச் சொல்லும் மாணவர் தரவோடுதான் வேலை செய்கிறார்.

அவருக்கு இது அந்நியமான அறிவு அன்று. ஒரு சுவடியைக் கையில் எடுத்தால் யார் எழுதியது, எதைப் பார்த்து எழுதியது, எங்கே ஏடு முறிந்திருக்கிறது, இந்தப் பாடபேதம் எப்படி நுழைந்தது என்று கேட்பது தமிழ்ப் பதிப்புலகின் பழக்கம். அதே கேள்விகளை ஓர் அட்டவணையிடமும் கேட்கப் பழக்குவதுதான் கலைப்புலத்துக்கு உரிய தரவுக் கல்வி.

எண்ணுவதற்கு முன் ஒரு முடிவு

பாடத்தின் முதல் படி, தரவு தானாகக் கிடைப்பதில்லை, ஆக்கப்படுகிறது என்பதை உணர்த்துவது. சிந்து எழுத்து ஆய்வு இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ஐராவதம் மகாதேவன் 1977-ல் வெளியிட்ட சிந்து எழுத்துத் தொடரடைவு கணினியின் துணையோடு உருவானது. 2,906 பொறிப்புகளைத் தொகுத்து, அவற்றில் 417 குறியீடுகளை அது வேறுபடுத்திக் காட்டியது. பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா 1994-ல் தந்த பட்டியலில் 386 குறியீடுகள் உள்ளன. பிரையன் வெல்ஸின் பட்டியல் 600-ஐத் தாண்டுகிறது. மூவரும் பார்த்தவை பெரும்பாலும் அதே முத்திரைகள்தான்.

பிறகு ஏன் இந்த வேறுபாடு? வெறும் மீன், தலைமேல் கூரை போட்ட மீன், உடலில் கோடு இழுத்த மீன் ஆகியவை தனித்தனிக் குறியீடுகளா, ஒன்றன் வேறுவடிவங்களா? இந்தக் கேள்விக்கு ஒருவர் சொல்லும் விடையைப் பொறுத்தே எண்ணிக்கை கூடுகிறது, குறைகிறது. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் சிந்து எழுத்து அகரவரிசை எழுத்தா, அசை எழுத்தா, சொல்லையும் அசையையும் கலந்த எழுத்தா என்ற வாதமே நடக்கிறது. ஆகவே எண்ணைப் பார்த்ததும் அதற்குப் பின்னால் இருக்கும் வகைப்பாட்டைத் தேடும் பழக்கம் மாணவரிடம் வேரூன்ற வேண்டும்.

ஒரு கல்வெட்டு, எத்தனை வரிசை?

அடுத்த படி அட்டவணை. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகள் விடுவது அடிக்கடி காணும் கொடை. ஒரே கல்வெட்டில் ஒருவர் விளக்குக்கு ஆடுகளும், திருவமுதுக்கு நிலமும், திருவாபரணத்துக்குப் பொன்னும் கொடுத்திருப்பதாக வைத்துக்கொண்டால், அதை அட்டவணையில் ஒரு வரிசையாக எழுதுவதா, மூன்றாக எழுதுவதா? கல்வெட்டுகளை எண்ணுவதானால் அது ஒன்று. கொடைகளை எண்ணுவதானால் மூன்று. எதை எண்ணப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் தட்டச்சைத் தொடங்கினால், பாதி வழியில் இரண்டும் கலந்து கணக்குப் பிசகும். கல்வெட்டுகளுக்கு ஓர் அட்டவணை, கொடைகளுக்கு இன்னோர் அட்டவணை, இரண்டையும் இணைக்க ஒரு கல்வெட்டு எண் என்று பிரித்துவிடுவதே வழி. ஒரு கட்டத்தில் ஒரே செய்தி, ஒரு பத்தியில் ஒரே வகைச் செய்தி என்பது இங்கே அடிப்படை விதி.

ஒரே பொருளைப் பல வழிகளில் அடுக்கும் இந்தச் சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. வீரமாமுனிவர் 1732-ல் முடித்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளாக அமைந்தது. சொல்லிலிருந்து பொருளுக்குப் போக ஒரு வாயில், பொருளிலிருந்து சொல்லுக்கு வர இன்னொரு வாயில், தொகைப்பெயர்களுக்கு ஒன்று, எதுகை தேடுவோருக்கு ஒன்று. தேடுபவரின் தேவைக்கேற்ப அடுக்குமுறை மாற வேண்டும் என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

அட்டவணை மென்பொருளின் தன்னிச்சையான திருத்தங்களையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் வரும் கல்வெட்டுகளை எண்ணும் ஆண்டுமாகச் சேர்த்து 5/1905 என்று சுருக்கி எழுதுவது வழக்கம். அதை எக்செல் கட்டத்தில் அப்படியே தட்டினால், மென்பொருள் அதை 1905 மே மாதம் என்று எடுத்துக்கொள்ளும். 12/1905 வரை இந்தக் கதிதான். 13/1905 முதல் உள்ளவை தப்பித்து அப்படியே நிற்கும். பாதி எண்கள் தேதிகளாகவும் பாதி எண்கள் எழுத்துகளாகவும் கிடக்கும் அட்டவணையில் எந்தத் தேடலும் நம்பத்தக்கதன்று. அந்தப் பத்தியை முன்கூட்டியே எழுத்து வகை என்று அறிவித்துவிடுவது சில நொடி வேலை. மரபணுப் பெயர்களை இதே மென்பொருள் தேதிகளாக மாற்றிவந்ததால், அறிவியலாளர்கள் 2020-ல் சில மரபணுக்களின் பெயர்களையே மாற்ற நேர்ந்தது.

அளவைகளிலும் அதே கவனம் தேவை. வேலி, மா, குழி என்று நிலத்துக்கும், கலம், மரக்கால், நாழி என்று நெல்லுக்கும் கல்வெட்டுகள் அளவு சொல்கின்றன. ஆனால் குழியின் பரப்பு, அளந்த கோலின் நீளத்தைப் பொறுத்தது. கோல் ஊருக்கு ஊர் மாறியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல் அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான் என்றே குறித்துவைத்தன. அளவு சொல்லும்போது அளந்த கருவியையும் சொல்லும் அந்த ஒழுக்கத்தை இன்றைய அட்டவணையும் பின்பற்ற வேண்டும். மூலத்தில் உள்ளது ஒரு பத்தியில் மாறாமல் நிற்கட்டும். இன்றைய அளவுக்கு மாற்றியதை அடுத்த பத்தியில் எழுதட்டும். மூலத்தின் மேலேயே திருத்துவது, ஏட்டைச் சுரண்டிவிட்டு எழுதுவதற்குச் சமம்.

ஐயத்தை எழுதும் முறை

கலைப்புலத் தரவில் மிகவும் இடறுவது காலம். கல்வெட்டு, மன்னரின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று மட்டும் சொல்லும். முதலாம் ராஜராஜன் 985-ல் அரியணை ஏறினார் என்பதால் அவருடைய 10-ஆம் ஆண்டு 994–95-ஐ ஒட்டியது. ஆனால் மன்னர் பெயரே இல்லாமல் ‘பரகேசரி’ என்றோ ‘ராஜகேசரி’ என்றோ பட்டம் மட்டும் இருந்தால், அப்பட்டங்களைச் சோழ மன்னர்கள் மாறிமாறிச் சூடியதால், பல மன்னர்கள் அதற்குப் பொருந்துவார்கள். எழுத்தமைதி, ஊர், உடன் வரும் அதிகாரிகளின் பெயர் ஆகியவற்றைக் கொண்டே காலத்தை நெருங்க முடியும்.

சுவடிகளிலும் பழைய அச்சு நூல்களிலும் வரும் 60 ஆண்டுச் சுற்று வேறொரு சிக்கல். சுபகிருது என்றால் 1902–03-ஆ, 1962–63-ஆ, 2022–23-ஆ என்று பெயர் மட்டும் சொல்லாது. சக ஆண்டோடு 78-ஐயும், கொல்லம் ஆண்டோடு 825-ஐயும் கூட்டுவது போன்ற வாய்பாடுகள்கூட ஆண்டுப் பிறப்பு எந்த மாதத்தில் என்பதைப் பொறுத்து ஓராண்டு முன்பின் ஆகும். 1900-க்கு முந்தைய நாள்களை எக்செல் தேதியாக ஏற்பதே இல்லை என்பது வரலாற்று மாணவருக்கு மேலும் ஒரு தடை.

இதற்குத் தீர்வு, காலத்துக்கு ஒரே பத்தி வைக்காமல் நான்கு பத்திகள் வைப்பது: மூலத்தில் உள்ள சொற்கள், முன் எல்லை, பின் எல்லை, இந்த எல்லைகளை எதனால் முடிவு செய்தோம் என்ற குறிப்பு. நான்காவது பத்திதான் ஆய்வாளரின் உழைப்பைக் காப்பாற்றுகிறது.

கரிமக் காலக்கணிப்புக்கும் இது பொருந்தும். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட கீழடி அறிக்கை, 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிமாதிரி ஒன்றுக்குப் பொதுக்காலத்துக்கு முன் 580 என்ற காலத்தைத் தந்தது. செய்தித்தாள்களில் அது ஒற்றை எண்ணாகப் பரவியது. ஆய்வகம் தருவதோ நிகழ்தகவோடு கூடிய ஒரு கால இடைவெளி. அதிலும் பொதுக்காலத்துக்கு முன் 800 முதல் 400 வரையான காலத்தில் கரிம அளவை நாட்காட்டி ஆண்டுகளாக மாற்ற உதவும் அளவீட்டு வளைகோடு ஏறத்தாழத் தட்டையாகிவிடுவதால், உலகில் எங்கே எடுத்த மாதிரிக்கும் அந்த இடைவெளி அகலமாகவே வரும். இதைச் சொல்வதால் கீழடியின் பெருமை குறைவதில்லை. எல்லையோடு சொன்ன காலமே எதிர்வாதத்துக்கு முன் நிலைத்து நிற்கும்.

ஒரு பெயர், பல ஆள். ஓர் ஆள், பல பெயர்

பெயர்களை ஒழுங்கு செய்வது அடுத்த பாடம். உ.வே.சா., உ.வே.சாமிநாதையர், சாமிநாத ஐயர் மூவரும் ஒருவர் என்பது தமிழ் வாசகருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. சங்க கால ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் வேறு வேறு காலத்தவர் என்பதும் அதற்குத் தெரியாது. தஞ்சாவூர், தஞ்சை என்பவை அதற்கு இரண்டு ஊர்கள்.

நூலகவியல் இதற்கு நெடுநாளாகவே ஒரு முறை வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆளுக்கும் ஊருக்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுத்து, அதன்கீழ் எல்லாப் பெயர் வடிவங்களையும் தொகுப்பதே அது. 2012-ல் தொடங்கிய விக்கித்தரவு இதை எல்லா மொழிகளுக்கும் பொதுவாகச் செய்கிறது. பெயர்களை ஒன்றாக்கும்போது மூலத்தில் இருந்த வடிவத்தை அழித்துவிடக் கூடாது. ஓர் ஊர் எந்த நூற்றாண்டில் எப்படி அழைக்கப்பட்டது என்பதே சில வேளைகளில் ஆய்வுப் பொருளாகிவிடும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

தமிழ்த் தரவுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. வேற்றுமொழிப் பாடநூல்கள் அவற்றைச் சொல்லித்தரா. ‘ஔ’ என்ற ஓர் எழுத்தையும், ‘ஒ’வுக்குப் பக்கத்தில் ‘ள’ போட்ட இரண்டெழுத்தையும் கண் பிரித்தறிவது கடினம். ஒரு கோப்பில் ஔவையார் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் தட்டப்பட்டிருந்தால் தேடலில் பாதிதான் கிடைக்கும். ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேமிக்கலாம். இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ‘க’ என்ற எழுத்தும் ஒன்று என்ற தமிழ் எண் ‘௧’-ம் தோற்றத்தில் ஒன்று, குறியீட்டில் வேறு. ‘௨௰௫’ என்று எழுதியிருப்பது 2, 10, 5 என்ற மூன்று எண்கள் அல்ல, 25 என்பதையும் மென்பொருளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

அகரவரிசையும் தானாக அமைவதில்லை. யூனிகோடு அட்டவணையில் ‘ந’வை அடுத்து ‘ன’வும், ‘ர’வை அடுத்து ‘ற’வும், ‘ச’வை அடுத்து ‘ஜ’வும் இருப்பதால், குறியீட்டு எண் வரிசைப்படி அடுக்கினால் தமிழ் நெடுங்கணக்கு குலைந்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றாமல் தேடவே முடியாது. மாற்றிய பின்னும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எழுத்துணரி மென்பொருள் படித்துத் தந்த பழைய நூல்களிலும் இதே எச்சரிக்கை தேவை. ஒரு சொல் அந்தக் காலத்து நூல்களில் இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், எழுத்துணரி அதைப் பிழையாகப் படித்துவிட்டதா என்று பார்ப்பதே முறை.

இல்லாததையும் எண்ண வேண்டும்

தரவு ஒழுங்கான பிறகே எண்ணிக்கை. இதில் கலைப்புலம் தந்த சிறந்த முன்மாதிரிகளில் ஒன்று ஜப்பானிய வரலாற்றாளர் நொபொரு கராஷிமாவின் பணி. அவர், எ.சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவு 1978-ல் வெளிவந்தது. கராஷிமா காவிரிப் பகுதியின் அல்லூர் என்ற ஊரையும், ஈசானமங்கலம் என்ற பிரமதேயத்தையும் (அந்தணர்க்குக் கொடையாக விடப்பட்ட ஊரையும்) ஒப்பிட்டார். முன்னதில் நிலம் ஊராரின் பொதுவுடைமையாகவும், பின்னதில் தனியார் உடைமையாகவும் இருந்ததை நில விற்பனைப் பதிவுகளைக் கொண்டு காட்டினார். பின்னர் கூடுதலான கல்வெட்டுகளைக் கொண்டு, பிற்காலச் சோழர் ஆட்சியில் தனியார் நிலவுடைமை வளர்ந்ததை நிறுவினார். சுப்பராயலு 1973-ல் வெளியிட்ட நூல், கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களை இடம் கண்டுபிடித்து, சோழமண்டலத்தின் நாடுகளை வரைபடத்தில் அமைத்தது. ஒரு கல்வெட்டு சொல்லாததைப் பல கல்வெட்டுகள் சேர்ந்து சொல்லும் என்பதற்கு இவை சான்று.

ஆனால் எண்ணிக்கை எங்கே ஏமாற்றும் என்பதையும் அதே பாடத்தில் கற்பிக்க வேண்டும். ராஜராஜன் ஏறத்தாழ 29 ஆண்டுகளும் முதலாம் குலோத்துங்கன் ஏறத்தாழ 50 ஆண்டுகளும் ஆண்டார்கள். இருவரின் கல்வெட்டுகளை நேரடியாக ஒப்பிட்டு யார் காலத்தில் கொடை மிகுதி என்று சொல்வது பிழை. ஓர் ஆட்சியாண்டுக்கு எத்தனை என்று கணக்கிட வேண்டும். ஓரிடத்தில் கல்வெட்டு நிறையக் கிடைப்பதற்கு அங்கே கொடை மிகுந்தது காரணமாக இருக்கலாம். கற்கோயில் எழுந்தது, படியெடுப்பவர்கள் அங்கே போனது, திருப்பணியில் சுவர் சிதையாமல் தப்பியது ஆகியவையும் காரணமாக இருக்கலாம்.

மேலும், கல்வெட்டு என்பது பெரும்பாலும் கோயிலுக்குக் கொடுத்தவரின் பதிவு. கொடுக்க ஏதுமற்றவர் அதில் மிகக் குறைவாகவே தென்படுகிறார்கள். உழுதவரும் நெய்தவரும் சேரியில் வாழ்ந்தவரும் எண்ணிக்கையில் குறைந்திருப்பதால் சமூகத்திலும் குறைந்திருந்தார்கள் என்று கொள்வது பெரும் அநீதி. வெற்றுக் கட்டத்துக்கும் சுழியத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முழுப்பொருளோடு விளங்கும். ‘இல்லை’, ‘சிதைந்திருக்கிறது’, ‘சொல்லப்படவில்லை’ ஆகிய மூன்றையும் தனித்தனிக் குறியிட்டு எழுதப் பழக்க வேண்டும்.

படத்தைச் சான்றாக்கும் நாலு வரி

ஒரு தரவைப் பற்றிய தரவு மீதரவு எனப்படும்: எங்கே, எப்போது, யாரால், எதிலிருந்து. 1995-ல் உருவான டப்ளின் கோர் என்ற 15 கூறுகள் கொண்ட வரையறை இதற்கு உலகெங்கும் பயன்படும் எளிய தொடக்கம்.

மீதரவின் மதிப்பை உணர்த்த ஸ்ரீபுரந்தான் நடராசரின் வரலாறு போதும். அரியலூர் மாவட்டக் கோயிலிலிருந்து களவாடப்பட்ட இந்தச் சோழர் காலச் செப்புத்திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் விலைகொடுத்து வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல்லாண்டுகளாகக் கோயில் கோயிலாகச் சென்று எடுத்துவைத்த ஒளிப்படங்கள், அது எந்தக் கோயிலுக்கு உரியது என்று நிறுவ உதவின. 2014-ல் நடராசர் இந்தியா திரும்பினார். அந்தப் படத்தோடு ஊரின் பெயரும் கோயிலின் பெயரும் பதிவாகாமல் இருந்திருந்தால் அது அழகான படமாக மட்டுமே இருந்திருக்கும்.

இந்த ஒழுக்கத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சான்றும் உண்டு. திருக்கோடிக்காவல் கோயிலைச் சோழ அரசி செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அவை பழைய கல்லின் படிகள் என்ற குறிப்பும் உடன் வெட்டப்பட்டது. படி எது, மூலம் எது என்று பிற்காலத்தார் குழம்பக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

திறப்பதும் காப்பதும்

தரவைப் பிறர் கண்டுபிடிக்கவும், அணுகவும், பிற தரவோடு இணைக்கவும், மீண்டும் பயன்படுத்தவும் முடிய வேண்டும் என்ற நான்கு நெறிகள் 2016-ல் வகுக்கப்பட்டன. அவை போதா என்று தொல்குடிச் சமூகங்களின் கூட்டமைப்பு 2019-ல் முன்வைத்த நெறிகள், தரவு யாரைப் பற்றியதோ அவர்களின் நலனையும் உரிமையையும் முன்னே நிறுத்தின. பண்பாட்டு மரபு படிக்கும் மாணவர் இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும். காவல் இல்லாத சிற்றூர்க் கோயிலின் திருமேனி இருக்கும் இடத்தைத் துல்லியமாக இணையத்தில் வெளியிடுவது திருடருக்கு வழிகாட்டும். ஒரு குடும்பம் தலைமுறையாகக் காத்த மருத்துவச் சுவடியைப் படமெடுப்பதற்கு முன் அது எங்கே, எவருக்குக் காட்டப்படும் என்று அவர்களுக்குச் சொல்லி இசைவு பெற வேண்டும். பழைய பதிவேடுகளில் உள்ள இழிவான சாதிச் சொற்களை மூலத்தில் அழிக்காமலும், தேடுசொல்லாக மீண்டும் புழங்கவிடாமலும் கையாளும் முறையை வகுப்பில் வெளிப்படையாகப் பேசித் தீர்மானிக்க வேண்டும்.

திறந்து வைப்பதன் தேவையும் சிறிதன்று. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றோடு போயின. பல இடங்களில் நகல், திறந்த கோப்பு வடிவம், தெளிவான உரிமம் என்ற மூன்றும் தொழில்நுட்பச் சடங்குகளாகத் தோன்றலாம். யாழ்ப்பாணத்தை நினைக்கும் மாணவர் அவற்றை அலட்சியம் செய்யமாட்டார்.

வகுப்பறையில்

பாடத்தைக் கணினியில் தொடங்காமல் காகிதத்தில் தொடங்குவது நல்லது. பத்து மாணவருக்கு முப்பது கல்வெட்டுகளின் பாடம் போதும். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம், அதற்கு எந்தப் பத்திகள் வேண்டும் என்பதை அவர்களே கரும்பலகையில் வரைந்து தீர்மானிக்கட்டும். பிறகு ஒரே கல்வெட்டுகளை இருவர் தனித்தனியே அட்டவணையில் ஏற்றி ஒப்பிடட்டும். ஒருவர் நிலக்கொடை என்றதை இன்னொருவர் நில விற்பனை என்று குறித்திருப்பார். அந்த முரண்பாட்டைப் பேசி ஒரு விதியாக எழுதும் மணி நேரமே இந்தப் படிப்பின் உயிர்.

அதன்பின் விரிதாள், அதன்பின் எழுத்து வேறுபாடுகளைத் திரட்டிக்காட்டும் ஓபன்ரிஃபைன் போன்ற கட்டணமற்ற மென்பொருள். அதிலுள்ள ஒலியொற்றுமை முறைகள் ஐரோப்பிய மொழிகளுக்காக அமைந்தவை என்பதால், அது சேர்த்துத் தரும் தமிழ்ப் பெயர்களைக் கண்ணால் பார்த்த பிறகே ஏற்க வேண்டும். வரைபடமும் விளக்கப்படமும் கடைசியில் வரட்டும். நிரல் எழுதுவது விரும்புவோருக்கு அடுத்த கட்டம். வரலாற்றாளர்களுக்கான இத்தகைய பாடங்களை 2008 முதல் தந்துவரும் புரோகிராமிங் ஹிஸ்டாரியன் திட்டம் ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு, போர்ச்சுகீசிய மொழிகளில் இயங்குகிறது. தமிழ்த் தரவை எடுத்துக்காட்டாகக் கொண்ட பாடங்களைத் தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை, நூலகவியல், கணினித்துறை ஆசிரியர்கள் சேர்ந்து எழுத வேண்டியிருக்கிறது. வேறு நாட்டுக் கப்பல் பயணிகளின் பட்டியலை வைத்துப் படிப்பதைவிட, தன் ஊர்க் கோயில் சுவரை வைத்துப் படிக்கும் மாணவர் பிழையை விரைவில் கண்டுபிடிப்பார்.

மதிப்பெண் வழங்கும் முறையும் இதற்கேற்ப மாற வேண்டும். மாணவர் தரும் விளக்கப்படத்தைவிட, தரவோடு இணைத்துத் தரும் குறிப்புக்கே கூடுதல் மதிப்பெண் உரியது. எந்த மூலங்களிலிருந்து எடுத்தார், எவற்றை விட்டார், ஏன் விட்டார், சொற்களை எப்படி வகைப்படுத்தினார், எங்கே ஐயம் நிற்கிறது, எந்த நாளில் எதைத் திருத்தினார் என்பவை அதில் இருக்க வேண்டும்.

தமிழில் இதற்குப் பெயர் ஏற்கெனவே உண்டு: பதிப்புரை. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டது முதல், பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்து, எந்தச் சுவடி யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும் தம் பதிப்புகளின் முகவுரைகளில் பதிந்துவைத்தார். பின்வந்தவர்கள் அவரோடு உடன்படவும் மாறுபடவும் அதுவே வழி செய்தது. ஒரு மாணவரின் முப்பது வரி அட்டவணையும் அத்தகைய பதிப்புரையோடு வெளிவந்தால், அடுத்து வருபவர் அதைச் சரிபார்த்து முப்பத்தோராவது வரியைச் சேர்க்க முடியும்.